முன்னூற்று நான்கு இடியப்பம்

உப்புவெளி ஹோட்டல்காரன் இரவே சொல்லிவிட்டான்:
விடிய முன்னூற்று நான்கு.
அந்த நான்கு எதற்கென்று நான் கேட்கவில்லை.
நாலே நாலு தின்கிற யாரோ ஒருவர்
அங்கே வந்து தங்கியிருக்கக்கூடும்.

ஒரு மணிக்கு அடுப்பு மூட்டினேன்.
துவாரகி நாலரைக்கு எழும்பி வந்தாள்.
பள்ளிக்கூட மணிக்குக் காதைப் பொத்திக்கொண்டு
மேசைக்குக் கீழே போய்விடுகிற பிள்ளை
இடியப்ப உரல் கிறீச்சிடுவதைக் கணக்கெடுப்பதில்லை.
இரண்டாந் தவணையோடு புத்தகப் பையை
ஆணியில் மாட்டியாயிற்று.
கணக்குப் புத்தகம் மட்டும் குசினியில் கிடக்கிறது,
இடப்பெறுமானப் பக்கத்தில்
மாப் படிந்த என் பெருவிரலோடு.

பத்துச் சேர்ந்தால் லஞ்ச் ஷீட்டில் ஒரு பொதி.
பொதி பத்தானால் ஒரு பனங்கூடை.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணி
ஒன்பதில் நிற்பாள்.
பத்தாவதற்கு முன் ஒருதரம்
மூச்சைப் பிடிப்பாள்.
பிறகு மடிப்பாள், மடித்ததைத் தட்டுவாள்.
"இனி இது பத்து இல்லை அம்மா, ஒண்டு."
"என்ன ஒண்டு?"
"ஒரு பத்து."

பாயில் மூன்று கூடை. பக்கத்தில் உதிரியாய் நான்கு.
"முப்பத்து நாலு" என்று வாசித்தாள்.
சிரிப்பு வந்தது எனக்கு, நித்திரையும்.
நடுவில் ஒரு வெறும் லஞ்ச் ஷீட்டை விரித்தேன்.
"பொதி இல்லாததுக்கும் ஷீட் செலவழிக்கோணுமா?"
செலவழிக்கத்தான் வேணும், பிள்ளை.
இல்லாவிட்டால் எங்கள் முன்னூறு முப்பதாய்ச் சுருங்கும்.
அவன் முப்பதுக்குத்தான் காசு தருவான்.

படலைக்குள் தலை நீட்டிய இரண்டு மான்களை
ஷீட் தின்னாமல் விரட்டிவிட்டு வருகிறேன்,
தொலைபேசி.
ஏழு குறையுங்கள்.

நாலிலிருந்து ஏழு போகாது.
அடுத்த இடத்தில் கேட்டால் வெறும் ஷீட்.
அதற்கும் அப்பால் கூடை.
கடன் வாங்கு என்கிறது புத்தகம்.

அந்தச் சொல்லில் அவள் முகம் சுருங்கியது.
இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.
"எப்ப திருப்பிக் குடுக்கிறது?"
"இதைத் திருப்பத் தேவையில்லை."
"பொய்."

உட்துறைமுக வீதியிலிருந்து மோட்டார் சைக்கிளில்
குகதாசன் வந்து நிற்கும்போது
வீட்டில் ஆளில்லை என்று சொல்ல
நான்தான் அவளை இரண்டு தடவை அனுப்பினேன்.

பென்சில் எடுத்துக்
கடன் என்பதை வெட்டினேன்.
மேலே எழுதினேன்: அவிழ்.

கூடையை அவிழ்த்தோம், பத்துப் பொதி.
ஒரு பொதியை அவிழ்த்தோம், ஆவி பறக்கப் பத்து.
யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க இல்லை,
எல்லாம் எங்கள் பாயில்தான் கிடக்கிறது.
எண்ணி ஏழை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
இரண்டு கூடை, ஒன்பது பொதி, உதிரி ஏழு.
வெறும் ஷீட்டை நான்காய் மடித்து
மிச்சம் பிடித்த காசுபோல என் கையில் தந்தாள்.

பத்து மணிக்குக் குகதாசன்.
இந்த முறை நானே போனேன்.
அட்டையில் மிச்சம் எழுதினான்: 40 300.
திருக்கடலூர்க் காற்று அட்டையைப் புரட்டப் பார்க்க
துவாரகி விரலால் அமர்த்திப் பிடித்தாள்,
முதற் சைபருக்கு மேலே.

"அங்கிள், இந்த வெறும் ஷீட்டை எடுத்தால்
நாலாயிரத்து முன்னூறு."

அவன் என்னைப் பார்த்தான்.
நான் மானைப் பார்த்தேன்.
பிறகு எச்சில் தொட்டு
நான் கொடுத்த நூறு ரூபாய்த் தாள்களை
எண்ணத் தொடங்கினான்.
அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதில் அவன் மூச்சுப் பிடிக்கவில்லை.